வால்பாறைக்கு ஏறாத வண்டி

மார்ச் 6, வியாழன்

வண்டியை சர்வீஸ் சென்டரில் காட்டினேன். மேடு ஏறும்போதோ முந்தும்போதோ ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுவை குறைந்துவிடுகிறது. எண்பதில் போகிற வண்டி நாற்பதுக்கு வந்துவிடுகிறது. முன்னால் ஆமை படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. ஓரங்கட்டிப் பதினைந்து நிமிடம் நின்றால் தானாகவே சரியாகிவிடுகிறது. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

மின்சார வண்டிகளைப் பார்ப்பவள் நிலோஃபர் என்ற பெண். முப்பது வயது இருக்கும். லேப்டாப்பை மாட்டி அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "கோளாறுன்னு எதுவுமே பதிவாகலைங்க சார்" என்றாள். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அவளே கிணத்துக்கடவு வரை ஓட்டிப் பார்த்தாள். அங்கே மேம்பாலத்தில் நூறைத் தொட்டது. ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

"பொய் சொல்றீங்கன்னு நினைக்கலைங்க சார். விட்டு விட்டு வர்ற கோளாறு இப்படித்தான். எப்ப வருதோ அப்பல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைங்க. தேதி, நேரம், எத்தன ஸ்பீடு, வண்டியில எத்தன பேரு, ஏசி ஓடுச்சா, எல்லாம். அத வச்சுத்தான் பிடிக்கணும்."

ஆழியாறு அணையில் முப்பது வருடம் தினமும் காலை ஆறு மணிக்கு நீர்மட்டம் எழுதியவனிடம் இதைச் சொல்கிறாள். எழுதுகிறேன்.

கடைசியாக வந்தது: மார்ச் 4, செவ்வாய். மதியம் 2.40. கோவையிலிருந்து பொள்ளாச்சி திரும்பும் வழி, கிணத்துக்கடவு மேம்பாலம். வேகம் 80. ஆட்கள் இரண்டு பேர், நானும் என் மனைவி கோகிலாவும். அவளுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தோம்.

மார்ச் 11, செவ்வாய்

உடுமலை போய் வந்தேன், தனியாக. வெயில் 37. ஏசி போட்டிருந்தேன். கோளாறு இல்லை.

கோகிலா ஏழு நாள் கழித்து இன்றுதான் பச்சைத் தண்ணீரில் கை வைத்தாள். ஊசி போட்டு வந்தால் சில நாளைக்குக் குளிர்ச்சி எதையும் தொட முடியாது. எவர்சில்வர் டம்ளரைப் பிடித்தால்கூட விரலில் முள் குத்துகிற மாதிரி இருக்கிறதாம். குளிர்ந்த காற்று பட்டால் தொண்டை இறுகி மூச்சு நின்றுவிடும் போலப் பயப்படுகிறாள். பிரிட்ஜிலிருந்து பால் எடுப்பது, காய் எடுப்பது எல்லாம் நான்தான். "உங்களுக்கு ரசம் வெக்கத் தெரிஞ்சதே இந்த ஊசியாலதான்" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

ஊசி. திரும்பும்போது 2.55, அதே மேம்பாலம். வேகம் 75. ஆட்கள் இரண்டு பேர்.

ஓரங்கட்டி நின்றோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டது. இறங்கி வெளியே நிற்கச் சொன்னாள். நிற்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

சர்வீஸ் சென்டர். ஆக்சிலரேட்டர் பெடலில் இருக்கும் சென்சாரை மாற்றினாள். நோட்டில் கோளாறு வந்த நாட்களை மட்டும் நான் படித்துக்காட்டக் கேட்டுவிட்டு, "ஏசி பத்தி எழுதலையே சார். போட்டுத்தான ஓட்டுறீங்க?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

மார்ச் வெயிலில் ஏசி இல்லாமல் ஓட்டினேன் என்றால் ஏன் என்று கேட்பாள். வீட்டு விஷயத்தை வெளிப்பெண்ணிடம் சொல்ல என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டுக்கே புற்றுநோய் என்று சொல்லாமல் வயிற்றுப்புண் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். வண்டிக் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஊசி. திரும்பும்போது 3.05. மேம்பாலத்தில் ஏறும்போதே இழுவை போய்விட்டது. வேகம் 80லிருந்து 35. பின்னால் தேங்காய் நார் ஏற்றிய லாரி. ஹாரன் அடித்துக்கொண்டே கண்ணாடி முழுக்க வந்து நின்றது. ஒதுங்க இடமில்லை. லாரிக்காரன் எப்படியோ ஒடித்து, எங்களை உரசுகிற மாதிரி தாண்டிப் போனான்.

கோகிலா கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தாள். பாலம் இறங்கி நிறுத்தியதும்தான் பேசினாள்.

"நா இந்த நோவுலதான் போவேன்னு நெனச்சேன். லாரியில அடிபட்டுப் போயிருந்தா டாக்டராவது கெட்ட பேர்ல இருந்து தப்பிச்சிருப்பாரு."

இந்த மாதிரிப் பேசாதே என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

நிலோஃபர் இன்று ஒன்றைக் கண்டுபிடித்தாள். மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் பெட்டி ஒன்று முன்னால் இருக்கிறது. அது அளவுக்கு மேல் சூடானதாகக் கம்ப்யூட்டரின் உள்நினைவில் இருக்கிறது. சூடு ஏறினால் வண்டி தானே இழுவையைக் குறைத்துவிடுமாம். "அது கோளாறு இல்லீங்க சார். வண்டி தன்னைக் காப்பாத்திக்குது. ஏன் சூடாகுதுங்கறதுதான் கோளாறு."

அந்தப் பெட்டியைச் சுற்றிக் குளிர்நீர் ஓடவைக்கும் பம்ப் லேசாகச் சத்தம் போடுகிறது என்று அதை மாற்றினாள். ரேடியேட்டர் ஃபேனை லேப்டாப்பிலிருந்தே ஓட்டிப் பார்த்தாள். நன்றாகச் சுற்றியது. பிறகு இருவரும் ஒரு மணி நேரம் சுற்றி வந்தோம். உள்ளே ஏசி ஜில்லென்று இருந்தது. கோளாறு இல்லை.

"இனி வராதுங்க சார்" என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோகிலா வால்பாறை போக வேண்டும் என்கிறாள்.

அவள் தம்பி திருமூர்த்தி அங்கே டீ பேக்டரியில் வேலையில் இருக்கிறான். எட்டு வயதில் தாயை இழந்தவன். எங்கள் கல்யாணத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவனுக்குச் சோறு ஊட்டி, படிக்கவைத்து ஆளாக்கியது அவள்தான். பதினொரு வருடத்துக்கு முன் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் ரோஸ்லினைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னேன். மிதிக்கவில்லை. நான் கடைக்குப் போகும்போது அக்காவும் தம்பியும் போனில் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்டதில்லை.

"நாலு நாள் இருந்துட்டு வந்தர்லாங்க. நீங்களே கூட்டிட்டுப் போங்க."

"நாப்பது வளைவு. மலையில பாதியில இழுவை போச்சுன்னா என்ன பண்றது? வண்டி சரியாகட்டும்" என்றேன்.

"அதான் பம்ப் மாத்தியாச்சுன்னீங்களே."

"ஒரு தடவ கோயமுத்தூர் போயிட்டு வந்து பாப்போம்."

ஏப்ரல் 15, செவ்வாய்

ஊசி. 2.50. ஈச்சனாரி தாண்டி ஒரு பஸ்ஸை முந்தும்போது. வேகம் 70. ஆட்கள் இரண்டு பேர்.

நான் கவனிப்பதற்கு முன்பே கோகிலா பார்த்துவிட்டாள். "ஆமை வந்துருச்சுங்க" என்றாள். ஏதோ விருந்தாளி வந்த மாதிரி. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சாலையோரம் உட்கார்ந்து சிரித்தோம். எட்டாவது ஊசி முடிந்த அன்று அப்படிச் சிரித்தாள் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

பம்ப் இல்லை என்று தெரிந்துவிட்டது. வால்பாறையைப் பற்றி அவளாகவே பேச்சை எடுக்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஸ்கேன் முடிவைப் பார்க்கப் போனோம். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார் டாக்டர். இனி ஊசி வேண்டாம் என்றார். நல்லதுதான். அவளுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. வலிக்கு மட்டும் மாத்திரை எழுதினார். அவளுக்கு எங்கே இருக்கப் பிடிக்குமோ அங்கே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"கொஞ்ச நாள் இடைவெளி விடச் சொல்றாங்க."

திரும்பும்போது 1.30. மேம்பாலம். வேகம் 80. வந்தது.

மே 2, வெள்ளி

"டாக்சி புடிச்சுப் போலாங்களா?"

"டாக்சியில அந்த வாசத்துக்கே உனக்கு வாந்தி வரும். நாப்பது வளைவு தாங்குவியா?"

"தம்பிகிட்டச் சொன்னா அவன் வந்து கூட்டிட்டுப் போவான்."

அவளுடைய மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "சரி, நம்ம வண்டியே சரியாகட்டுங்க" என்றாள்.

மே 5, திங்கள்

நிலோஃபர் போன் செய்தாள். கம்பெனியில் கேட்டிருக்கிறாளாம். வண்டியை மூன்று நாள் விட்டுவைத்தால், ஒவ்வொரு சென்சாராகப் பார்த்துக் கட்டாயம் கண்டுபிடித்துவிடலாம் என்றாள்.

விட முடியாது, ஆஸ்பத்திரி போக வண்டி கையில் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

மே 8, வியாழன்

கண் மஞ்சளாக இருக்கிறது. கஞ்சி அரை டம்ளர். வண்டி எடுக்கவில்லை.

மே 11, ஞாயிறு

கோகிலா இன்று கேட்கவில்லை.

மே 14, புதன்

காலையில் அவளை நாற்காலியோடு வாசலுக்குத் தூக்கி வந்து உட்காரவைத்தேன். கனமே இல்லை. வண்டியைத் துடைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவள், "நல்லா வெச்சிருக்கீங்க" என்றாள். வண்டியைச் சொல்கிறாளா என்னைச் சொல்கிறாளா என்று கேட்கவில்லை.

மே 19, திங்கள்

காலை 6.10. கோகிலா.

மே 21, புதன்

திருமூர்த்திக்கு நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். திங்களன்று பத்தரை மணிக்கெல்லாம் ரோஸ்லினோடு வந்துவிட்டான். தலை பாதி நரைத்திருந்தது. கூட்டம் அவனுக்கு வழிவிட்டது. அவன் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டான்.

"உள்ள வரலாங்களா மாமா?"

இதுவரை என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையாக அடித்ததில்லை. அவன் அப்படி நினைத்துக் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ரோஸ்லின்தான் அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவன், எடுக்கும்வரை எழவில்லை.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது என்னிடம் வந்தான். "வண்டி சரியானதும் மாமா கூட்டிட்டு வருவாருன்னு அக்கா சொல்லீட்டே இருந்துச்சு. மெத்தையெல்லாம் புதுசா வாங்கிப் போட்டு வெச்சிருந்தோம்" என்றான்.

ஜூன் 6, வெள்ளி

காரியங்கள் எல்லாம் முடிந்தன. மூன்று நாளாக வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போய் வருகிறேன். ஆனைமலை, உடுமலை, நேற்று கோவை. வீட்டில் இருக்க முடியவில்லை. மேம்பாலத்தில் நேற்று வேண்டுமென்றே நூறில் ஏறினேன். கோளாறு இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். வந்தது எல்லாம் செவ்வாய்க்கிழமை. எல்லாம் கோகிலா இருந்த நாள். நான் தனியாகப் போன ஒரு நாள்கூட வரவில்லை. அவள் போனபின் ஒரு முறையும் வரவில்லை.

இதை யாரிடம் சொல்வது?

ஜூன் 12, வியாழன்

நிலோஃபரிடம் சொன்னேன். நோட்டை அவளிடமே கொடுத்தேன். மார்ச், ஏப்ரல் மட்டும் பார், அதற்குமேல் வண்டி விஷயம் இல்லை என்றேன். நின்றபடியே படிக்க ஆரம்பித்தவள் பாதியில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நெடுநேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"குளிர் ஆகாதுன்னு எழுதியிருக்கீங்க. அம்மா வர்றப்ப ஏசி போட்டீங்களா சார்?"

"இல்லைம்மா."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்ல."

"அம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

சொன்னேன். அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த வண்டிக்காரர் வந்து கூப்பிட்டார். போகவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு ஏசியை அணைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். அவள் ஓட்டினாள். லேப்டாப்பை நான் பிடித்துக்கொண்டேன். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாள். கோவை போய்த் திரும்பும்போது, அந்த மேம்பாலம் ஏறுகையில், வண்டி சோர்ந்தது. எண்பது, அறுபது, நாற்பது. விளக்கு எரிந்தது. மூன்று மாதமாக அவள் தேடிய கோளாறு கண்ணெதிரே வந்திருக்கிறது, அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. நான் இடது பக்க சீட்டில் இருந்தேன். கோகிலா பிடித்த கைப்பிடியைத்தான் பிடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

பாலத்துக்குக் கீழே நிறுத்திவிட்டு விளக்கினாள். ஏசி போட்டால் ரேடியேட்டர் ஃபேன் கூடவே எப்போதும் சுற்றும். ஏசி இல்லாவிட்டால் குளிர்நீர் சூடானது என்று ஒரு சென்சார் சொன்னால்தான் ஃபேன் சுற்றும். அந்தச் சென்சார் எழுபது டிகிரி இருந்தாலும் நாற்பது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. நாற்பது என்பது சரியான அளவு மாதிரியே இருப்பதால் கம்ப்யூட்டருக்கும் சந்தேகம் வரவில்லை.

"உள்ள கொதிக்குது சார். நல்லா இருக்கேன்னு சொல்லிட்டே இருந்திருக்கு."

சென்டருக்குத் திரும்பி, வண்டி ஆறியதும் மாற்றினாள். கட்டைவிரல் அளவுதான். முக்கால் மணி நேர வேலை. மறுபடி ஏசி இல்லாமல் ஓட்டிப் பார்த்தோம். ஃபேன் தானாகச் சுற்றியது. பாலத்தில் நூறு.

"மார்ச்லயே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு, "என்மேலயும் தப்பு இருக்குங்க சார். இந்த வெயில்ல ஏசி இல்லாம யாரு ஓட்டப்போறாங்கன்னு நானும் விட்டுட்டேன். ஒரு நாள் அணைச்சுப் பாத்திருக்கணும்" என்றாள்.

உன்மேல் தப்பில்லை, கேட்டாய், நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அவள் அழுதாள். நான் அழவில்லை.

ஜூன் 13, வெள்ளி

அணையில் வேலை பார்த்தபோது ஒரு நாள்கூட அளவைப் பொய்யாக எழுதியதில்லை. இங்கே எழுதியிருக்கிறேன்.

மே 5ஆம் தேதி ஆஸ்பத்திரி போக வண்டி வேண்டும் என்று எழுதியது பொய். ஆஸ்பத்திரி ஏப்ரல் 29ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஊசியே இல்லாதபோது வண்டியை மூன்று நாள் விட்டிருக்கலாம். மே 8ஆம் தேதி சரியாகியிருக்கும். ஒன்பதாம் தேதி காலையில் கிளம்பியிருந்தால் பதினொரு மணிக்கு வால்பாறை. அவளுக்கு அப்போது பத்து நாள் மிச்சம் இருந்தது.

வண்டி சரியாகிவிடக் கூடாது என்று நான் நினைத்தேன். இவ்வளவுதான்.

ஜூலை 6, ஞாயிறு

வால்பாறை போனேன். நாற்பது வளைவும் ஏறியது. மேலே நல்ல மழை.

பேக்டரி குவார்ட்டர்ஸ். ரோஸ்லின் கதவைத் திறந்து, "வாங்கண்ணா" என்றாள். பதினொரு வருடம் நான் பெயரைக்கூட சொல்லாத பெண். திருமூர்த்தி எழுந்து நின்றான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. உள்ளறையில் அந்த மெத்தை தெரிந்தது. பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

வண்டியில் இருந்த கோளாறு என்ன, அது எப்படிக் கிடைத்தது, நான் என்ன மறைத்தேன், மே 5ஆம் தேதி என்ன செய்தேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்து கூட்டிட்டு வந்திருப்பேனுங்க மாமா."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பண்ணலைங்களா?"

"ஆமா. இங்க வந்தா அவ திரும்பி வரமாட்டான்னு தோணுச்சு. கடைசில உன் வீட்டுல இருக்கேன்னு சொல்லிருவான்னு. எனக்கு அவளத் தவிர யாரும் இல்ல திருமூர்த்தி."

"எனக்கும்தாங்க மாமா அப்ப யாரும் இல்ல. எட்டு வயசுல."

அதற்குமேல் அவன் அங்கே நிற்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கிப் போனான். ரோஸ்லின் சோறு போட்டாள். "வருவாருங்கண்ணா, நீங்க சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டேன். அவன் வரவில்லை. மூன்று மணி வரை காத்திருந்துவிட்டுக் கிளம்பினேன்.

வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், முழுக்க நனைந்து. நான் ஏறி உட்கார்ந்ததும் குனிந்து கண்ணாடியைத் தட்டினான். இறக்கினேன்.

"மே மாசம் கடைசியா பேசறப்ப அக்கா ஒண்ணு சொல்லுச்சு. 'மாமா என்னிக்காவது உன் வீட்டுக்கு வருவாரு. நான் கூட வந்தாலும் சரி, வராட்டியும் சரி. வந்தா எதையும் கேக்காத, சோறு போட்டு அனுப்பு'ன்னுச்சு. நான் கேட்டுட்டேன். அக்கா சொன்னதை மீறி முதல் தடவையா கேட்டுட்டேன்."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கப் போகவில்லை. மெதுவாகப் போங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் வளைவில் மறையும் வரை அங்கேயே நின்றான்.

முப்பத்தொன்றாவது வளைவு வரை ஓட்டினேன். அதற்குமேல் முடியவில்லை. ஓரங்கட்டி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. பின்னால் வந்த எஸ்டேட் ஜீப் ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி வந்து, வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டார்.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்றேன்.